எனக்கு முன்னால் எத்தனை இளையவர்கள்?

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. மகள் தூங்கிவிட்டாள். வெளியே, சிகாகோ பக்கத்து நேப்பர்வில் தெருவில் பனி அள்ளும் வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, விமானியாக வேலைக்கு வரச்சொல்லி இரண்டு விமான நிறுவனங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று டெல்டா: மார்ச் கடைசியில் அட்லாண்டாவில் வகுப்பு. மற்றொன்று யுனைடெட்: மே மாதம் டென்வரில் வகுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நாலரை வருடம் ஒரு ரீஜனல் நிறுவனத்தில், அதாவது சின்ன விமானங்களை ஓட்டும் உள்ளூர் நிறுவனத்தில், ஓட்டியிருந்தேன். அதற்கு முன்னால் ஷாம்பர்க்கில் சாஃப்ட்வேர் வேலை. வார இறுதிகளில் டூபேஜ் விமான நிலையத்தில் செஸ்னா என்ற குட்டி விமானத்தை ஓட்டக் கற்று, அப்புறம் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, 1,500 மணி நேரம் சேர்த்தது தனிக் கதை. பெரிய நிறுவனத்திலிருந்து கடிதம் வரும்போது எனக்கு வயது 38 ஆகிவிட்டது. இந்த 38தான் அன்றைக்கு இரவு என் தூக்கத்தைக் கெடுத்தது.

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியவேண்டும் என்றால் சீனியாரிட்டி எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்க விமான நிறுவனத்தில் சேர்ந்த அன்று ஒரு எண் கொடுப்பார்கள். யுனைடெட்டில் அப்போது சுமார் 16,000 விமானிகள், டெல்டாவிலும் அமெரிக்கன் ஏர்லைன்ஸிலும் சுமார் 15,000 பேர். நீங்கள் கடைசி ஆள். எந்த ஊர் பேஸ் (அதாவது எந்த ஊரிலிருந்து வேலையைத் தொடங்குவது), எந்த விமானம், கேப்டனின் இடது இருக்கையா துணை விமானியின் வலது இருக்கையா, மாதத்தில் எந்த நாட்கள் லீவு, கோடை விடுமுறை எந்த வாரம் என்று எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கும். முதல் எண்காரர் கேட்டதை எடுத்துக்கொண்ட பிறகு இரண்டாமவர். இப்படியே மிச்சம் மீதி கீழே இறங்கி வரும். நன்றாக ஓட்டுகிறீர்களா, எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறீர்கள் என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. ஒரே நாளில் வகுப்பில் உட்காருகிறவர்களுக்குள்ளேயும் வரிசை உண்டு. சில இடங்களில் வயதை வைத்து, சில இடங்களில் அடையாள எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்துப் பிரிப்பார்கள்.

வேறு நிறுவனத்துக்குப் போனால் அந்த எண் கூட வராது. இருபது வருடம் கேப்டனாக இருந்தவரும் புது இடத்தில் முதல் வருடச் சம்பளத்தோடு வலது இருக்கையில்தான் தொடங்க வேண்டும். அதனால்தான் இந்த ஒரு முடிவுக்கு இவ்வளவு கனம்.

நம் குடும்பங்களில் மருமகனைவிட வயதில் சின்னவராக ஒரு மாமா இருப்பார். கல்யாண வீட்டில் அந்தப் பொடியனை எல்லோரும் "மாமா, வாங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். வயது வேறு, முறை வேறு. சீனியாரிட்டிப் பட்டியலும் முறைக் கணக்குதான். எனக்கு ஒரு வாரம் முன்னால் சேர்ந்த 26 வயதுப் பையன் நான் ஓய்வு பெறும் நாள்வரை எனக்கு மூத்தவன். நான் 65 வயதில் வீட்டுக்குப் போகும்போது அவனுக்கு 53 ஆகியிருக்கும். அவனைத் தாண்டி நான் ஒருநாளும் மேலே போக முடியாது.

அன்று இரவு அம்மா திருச்சியிலிருந்து போனில் கேட்ட முதல் கேள்வி, "எதுலடா சம்பளம் ஜாஸ்தி?" நியாயமான கேள்வி. டெல்டா விமானிகள் அப்போது ஒரு புது ஒப்பந்தத்துக்கு வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்தானவுடன் 18 சதவீத உயர்வு, நான்கு ஆண்டுகளில் மொத்தம் 34 சதவீதம். மார்ச் 1 அன்று அது நிறைவேறியது. யுனைடெட் விமானிகளோ முந்தைய நவம்பரில்தான் தங்களுக்கு வந்த ஒப்பந்தத்தை 94 சதவீத வாக்கோடு நிராகரித்திருந்தார்கள். தாளில் பார்த்தால் டெல்டா தெளிவாக மேலே. ஆனால் ஒன்று உயர்ந்தால் மற்றவையும் பின்னாலேயே உயரும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். டெல்டா ஒப்பந்தத்திலேயே, யுனைடெட்டையும் அமெரிக்கனையும்விட ஒரு சதவீதமாவது அதிகம் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம் என்று ஒரு விதி இருந்தது. மற்ற இருவரும் நெருங்கி வருவார்கள் என்று அவர்களே எதிர்பார்த்த மாதிரிதான். அப்படியே நடந்தது. அமெரிக்கன் ஆகஸ்டில், யுனைடெட் செப்டம்பரில், சவுத்வெஸ்ட் அடுத்த ஜனவரியில் என்று வரிசையாக ஒப்பந்தங்கள் வந்தன. நான் அம்மாவிடம், "எல்லாம் ஒண்ணுதாம்மா, மூணு வருஷத்துல பாத்தா" என்றேன். அம்மா நம்பவில்லை.

சம்பளம் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் மிச்சம் இருப்பது ஏறும் வேகம். விமானிகள் இதைத்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். எந்த நிறுவனத்தில் வயதானவர்கள் அதிகம்? எங்கே அடுத்த பத்து வருடத்தில் நிறையப் பேர் ஓய்வு பெறுகிறார்கள்? இதில் அமெரிக்கனுக்குத்தான் எப்போதும் முதல் இடம் என்று ரீஜனலில் எல்லோரும் சொல்வார்கள். நானும் பழைய சாஃப்ட்வேர் புத்தியில் எக்ஸெல் போட்டேன். நண்பர்களிடம் கேட்டு, சங்கக் கூட்டங்களில் சொன்ன எண்களை வாங்கி, வருடவாரியாக ஓய்வு பெறுபவர்களை நிரப்பினேன். இரண்டு வாரம் அதே வேலை.

அப்புறம்தான் நான் தப்பான வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. எத்தனை பேர் போகிறார்கள் என்பது முதல் சில வருடங்களின் வேகத்தைச் சொல்லும். எங்கே போய் நிற்பேன் என்பதைச் சொல்லாது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: எனக்கு முன்னால் 15,000 பேர் இருக்கிறார்கள், அதில் 4,000 பேர் என்னைவிட இளையவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மற்ற 11,000 பேரும் நான் போவதற்குள் வயதால் போய்விடுவார்கள். இந்த 4,000 பேர் போக மாட்டார்கள். ராஜினாமா, உடல்நலம் போன்றவற்றை விட்டுவிட்டால் 2050இல் என் கடைசி நாளில் என் எண் 4,001. அதற்கு மேல் ஒரு படிகூடக் கிடையாது. 25 வயதில் சேர்கிற பிள்ளைக்கு அந்த 4,000 என்பது சில நூறாகிவிடும். அதே நிறுவனம், அதே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆனால் இரண்டு பேருக்கும் வேறு வேறு எதிர்காலம்.

2023இல் இதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. 2020இல் கொரோனா வந்தபோது நிறுவனங்கள் பணம் கொடுத்துப் பல மூத்த விமானிகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டன. பயணிகள் திரும்பியதும் ஆள் போதவில்லை. 2021, 2022இல் வரலாறு காணாத அளவுக்கு எடுத்தார்கள், அதில் பெரும்பாலும் இளம் ரத்தம். ஆக ஓய்வு அலை பெரிதாக இருந்த இடத்தில் அந்த அலையில் ஏறியவர்களும் நிறைய. அலையைப் பற்றிக் கேள்விப்பட்டு நான் கரைக்கு வரும்போது பலகைகளோடு பலர் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தார்கள். "பந்திக்கு முந்து" என்பது இந்தத் தொழிலுக்காகவே சொன்னது மாதிரி இருக்கும். டெல்டாவின் மார்ச் வகுப்புக்கும் யுனைடெட்டின் மே வகுப்புக்கும் நடுவில் இருந்த ஆறேழு வாரத்தை நான் ஏன் அவ்வளவு யோசித்தேன் என்பது இப்போது புரிந்திருக்கும். அந்த வாரங்களில் ஒவ்வொரு நிறுவனமும் நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தது.

அந்த எக்ஸெல்லை ஒருநாள் என்னோடு பறந்த மூத்தவர் ஒருவரிடம் காட்டினேன். 63 வயது. ஒரு பெரிய நிறுவனத்தில் இரண்டு முறை ஃபர்லோ ஆனவர். அதாவது சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பி, நிலைமை சரியானால் திரும்பக் கூப்பிடுவார்கள். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவர் திரும்பிப் போகவில்லை, ரீஜனலிலேயே இருந்துவிட்டார். பியோரியாவில் பனி துடைக்கும் வண்டிக்காகக் காத்திருந்தபோது திரையை நிதானமாகப் பார்த்தார். "கணக்கு சரிதான். இதில் யார் யாரை வாங்கப்போகிறார்கள் என்ற பத்தி எங்கே?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நிறுவன இணைப்பைப் பற்றி. 2001இல் அமெரிக்கன், டிடபிள்யுஏ என்ற பழைய விமான நிறுவனத்தை வாங்கியது. டிடபிள்யுஏ விமானிகளில் ஏறக்குறைய பாதிப்பேரை அமெரிக்கன் பட்டியலின் அடியில் கொண்டுபோய் ஒட்டினார்கள். பத்து வருடத்துக்கு மேல் பறந்தவர்கள் நேற்றுச் சேர்ந்தவருக்குக் கீழே. அதே வருடம் செப்டம்பர் 11 வந்தது. அடியில் இருந்தவர்கள்தான் முதலில் வீட்டுக்குப் போனார்கள். 2007இல் மெக்காஸ்கில்–பாண்ட் என்ற சட்டம் வந்து, இணைப்பில் பட்டியல்கள் நியாயமாகச் சேர்க்கப்பட வேண்டும் என்றது அந்த வலியிலிருந்துதான். சட்டத்தின் பெயரில் இருக்கும் அந்த இரண்டு செனட்டர்களும் டிடபிள்யுஏவின் சொந்த மாநிலமான மிசூரிக்காரர்கள்.

யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரண்டு நிறுவனங்களின் கதை இன்னும் சிக்கல். 2005இல் இணைந்தார்கள். ஒரு பக்கம் யுஎஸ் ஏர்வேஸின் கிழக்குக்காரர்கள்: பதினாறு, பதினேழு வருட சர்வீஸ், ஆனால் நிறுவனம் சுருங்கிக்கொண்டே வந்ததால் பலர் ஃபர்லோவில். இன்னொரு பக்கம் அமெரிக்கா வெஸ்ட்டின் மேற்குக்காரர்கள்: சேர்ந்து சில வருடம்தான், ஆனால் வேலையில் இருப்பவர்கள். சேர்ந்த தேதியைப் பார்ப்பதா, பட்டியலில் நிற்கும் இடத்தைப் பார்ப்பதா? நடுவர் ஜார்ஜ் நிகோலாவ் 2007இல் இடத்தைப் பார்த்தார். பல வருட சர்வீஸோடு ஃபர்லோவில் இருந்த கிழக்குக்காரர்கள் அடிக்குப் போனார்கள். எண்ணிக்கையில் அதிகமாக இருந்த அவர்கள் தங்கள் பழைய சங்கத்தையே வாக்களித்து வெளியேற்றிவிட்டு 2008இல் வேறு சங்கம் அமைத்தார்கள். அந்தத் தீர்ப்பு கடைசிவரை அமலாகவே இல்லை. அமெரிக்கனோடு சேர்ந்து 2016இல் ஒரே பட்டியல் வரும்வரை, ஒரே பெயரில் பறந்த இரண்டு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். அந்தப் பதினொரு வருடத்தில் வயதாகிப் போனவர்களுக்கு எந்தப் பட்டியல் வந்து என்ன பயன் என்று அந்த மூத்தவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

சட்டமும் கணக்கை மாற்றும். ஓய்வு வயது முன்பு 60. 2007 டிசம்பர் 13 அன்று கையெழுத்தான சட்டம் ஒரே நாளில் அதை 65 ஆக்கியது. மேலே இருந்தவர்களுக்கு ஐந்து வருடம் கூடுதல். கீழே இருந்தவர்களுக்கு ஐந்து வருடம் அசையாத வரிசை, நடுவில் 2008 பொருளாதாரச் சரிவு வேறு. நான் முடிவெடுத்த அதே 2023இல் அதை 67 ஆக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. 2024 மே மாதம் கையெழுத்தான சட்டத்தில் அது இல்லை. நடுவில் அந்தப் பத்து மாதமும் ஒவ்வொரு காக்பிட்டிலும் இதே பேச்சுதான். மூத்த கேப்டன்கள் 67 வேண்டும் என்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

விமானங்களின் வகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சவுத்வெஸ்ட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் மிட்வே விமான நிலையத்தில் பேஸ் இருக்கிறது. தன் வரலாற்றில் ஒரு விமானியைக்கூட ஃபர்லோ செய்யாத நிறுவனம். நல்ல இடம், மரியாதையான இடம். ஆனால் அங்கே போயிங் 737 என்ற ஒரே வகை விமானம் மட்டும்தான். ஒரு கேப்டன் ஓய்வு பெற்றால் ஒரு துணை விமானி மேலே போவார், கீழே ஒருவர் புதிதாகச் சேர்வார், கதை முடிந்தது. யுனைடெட்டில் 777 கேப்டன் ஒருவர் போனால் அந்த இடத்துக்கு 767இலிருந்து ஒருவர், அவர் இடத்துக்கு 737 கேப்டன் ஒருவர், அவர் இடத்துக்குத் துணை விமானி ஒருவர் என்று ஏணி முழுக்க அசையும். 2022 டிசம்பரில் யுனைடெட் 100 புதிய 787 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கண்டம் தாண்டும் பெரிய விமானங்கள் கூடினால் ஏணிக்குப் படிகள் கூடும். 38 வயதில் சேர்கிறவனுக்கு அது முக்கியம்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனால் முடிவை எடுக்க வைத்தது இது எதுவும் இல்லை. க்யூ கார்டன்ஸ்.

நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் அந்த இடத்தை விமானக்காரர்கள் க்ரூ கார்டன்ஸ் என்பார்கள். இரண்டு பெரிய விமான நிலையங்களுக்கும் நடுவில் இருப்பதால் அங்கே தெருவுக்குத் தெரு க்ராஷ்பேட்கள், அதாவது வெளியூர் விமானக்காரர்கள் பங்கு போட்டுத் தூங்கும் வாடகை இடங்கள். ரீஜனலில் முதல் பதினான்கு மாதம் என் பேஸ் நியூயார்க், குடும்பம் சிகாகோவில். ஒரு அறையில் மூன்று அடுக்குக் கட்டில்கள், ஆறு பேர். ஒவ்வொரு படுக்கைக்கும் துணி ஆணியில் மாட்டிய திரை. ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு டப்பா மேலும் மாஸ்கிங் டேப்பில் பெயர், தேதி. என் பருப்புப் பொடி டப்பாவும் நெய் பாட்டிலும் மேல் தட்டில் ஒரு மூலையில் இருக்கும். ரிசர்வில், அதாவது கூப்பிட்டால் வருவதற்குக் காத்திருப்பில், இருப்பவர்கள் போன் அடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும், அதனால் எல்லோரும் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவோம். ஒரு போன் அதிர்ந்தால் ஆறு பேரும் விழிப்போம்.

வீட்டுக்குப் போவது இன்னொரு வேலை. லீவு நான்கு நாள் என்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள். ஜம்ப்சீட்டில் (ஊழியர்களுக்கான கூடுதல் இருக்கையில்) இடம் கிடைக்க வேண்டும், பனி பெய்யக் கூடாது, தவறினால் அடுத்த விமானம் இருக்க வேண்டும். மகளுக்குக் காது குத்திய அன்று லகார்டியாவில் மூன்று விமானங்கள் என் கண் முன்னால் நிரம்பிப் போயின. என் மைத்துனர் வீடியோ காலில் காட்டினார். என் அம்மா, மடியில் அழுகிற குழந்தை, தட்டில் கிழிந்த பூச்சரம். இணைப்பு நின்று போனது. நான் பி முனையத்தின் தரையில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என்னிடம் எந்த எண் இருந்திருந்தாலும் உதவியிருக்காது.

டெல்டாவுக்குச் சிகாகோவில் விமானிகள் பேஸ் கிடையாது. டெட்ராய்ட், மினியாபொலிஸ், நியூயார்க், அட்லாண்டா என்று எங்கே கிடைத்தாலும் பயணம்தான், இல்லை வீட்டை மாற்ற வேண்டும். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், பன்னிரண்டு வருட வேலை. யுனைடெட்டுக்குச் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் பேஸ் உண்டு. வீட்டிலிருந்து ஐம்பது நிமிடம். எக்ஸெல்லை மூடிவிட்டு மனைவியிடம் கேட்டேன். அவள் மறுநாள் ஷிஃப்டுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். "டெல்டால சீனியரா இருந்து ஏர்போர்ட்ல தூங்குவீங்களா, இல்ல இங்க ஜூனியரா இருந்து வீட்ல தூங்குவீங்களா?" என்றாள். டப்பாவை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

திங்கள் காலை டெல்டாவுக்கு நன்றி சொல்லி எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது உண்மை.

முதல் ஆறு மாதம் யுனைடெட்டிலும் நியூவார்க்கில்தான் இருந்தேன். அப்புறம் சிகாகோ, 737, வலது இருக்கை. நான் சேர்ந்த 2023 கோடையில் கேப்டன் இடங்கள் அறிவித்து யாரும் கேட்காமல் பல காலியாகக் கிடந்தன. என்னைப் போல நேற்று வந்தவர்கள்கூடக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் நிலை. சம்பளம் கூடும், தோளில் நான்கு பட்டை ஏறும். ஆனால் கேப்டன் பட்டியலில் மறுபடியும் கடைசி ஆள், மறுபடியும் ரிசர்வ், மறுபடியும் வேறு ஊர். நிறையப் பேர் வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். நானும் இருந்துவிட்டேன். அவர்கள் பணத்தை விட்டுவிட்டதாகச் சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். சேர்த்து வைத்த மூப்பை வீட்டுக்காகச் செலவு செய்தார்கள்.

2024இல் போயிங் விமானங்கள் சொன்ன நேரத்தில் வரவில்லை. மே, ஜூன் மாதங்களில் யுனைடெட் புது விமானிகளை எடுப்பதை நிறுத்தியது. சவுத்வெஸ்ட்டும் நிறுத்தியது. என் ரீஜனல் நண்பன் ஒருவன், தனக்குப் பிடித்த ஒரே நிறுவனத்துக்காக வேறு ஒரு நல்ல அழைப்பை 2023இல் விட்டுவிட்டுக் காத்திருந்தவன், இன்னும் காத்திருக்கிறான். அவனிடம் பேசும்போது நான் என் எண்ணைப் பற்றிப் பேசுவதில்லை.

2024 தீபாவளி அக்டோபர் 31, ஹாலோவீன் நாள். அந்த நாள் லீவு வேண்டும் என்று பிட்டில், அதாவது மாத வேலைக்கான விருப்பப் பட்டியலில், முதல் வரியில் போட்டேன். எனக்கு மேலே இருந்த, சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கிற அப்பா அம்மா எல்லோரும் அதே நாளைக் கேட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது சான் அன்டோனியோவில் ஒரு ஹோட்டல் அறை. மனைவி காலையில் மகளுக்கு எண்ணெய் வைப்பதைப் போனில் பார்த்தேன்.

2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. பள்ளி உண்டு, ஆபீஸ் உண்டு, சிகாகோ பேஸில் வேறு யாருக்கும் அந்த நாளைப் பற்றி ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு என்னைப் போடுங்கள், இந்தத் திங்களை மட்டும் விடுங்கள் என்று பிட் போட்டேன். முடிவு வந்த அன்று இரவு போனில் பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தேன். 19, 20, 21 மூன்று நாளும் வெள்ளை. இருபதாம் தேதி நாலரை மணிக்கு நானே எழுந்து நல்லெண்ணெயைக் காய்ச்சினேன். மகள் தூக்கக் கலக்கத்தில் மணைமேல் உட்கார்ந்து, "அப்பா, சூடு" என்றாள்.